மோட்டார் சைக்கிளைத் தாழ்த்தலாமா?

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய முன் சக்கரம், பக்கவாட்டில் பெட்டிகள், உயர்ந்த இருக்கை என்று தெருவில் நிற்கும்போதே அவை தனியாகத் தெரியும். அத்தகைய வண்டி சிக்னலில் நிற்கும்போது ஓட்டுபவரின் கால்களைக் கவனியுங்கள். அவர் உயரமானவராக இருந்தால் இரு பாதங்களையும் தரையில் பதித்து நிம்மதியாக அமர்ந்திருப்பார். சற்றுக் குட்டையானவராக இருந்தால், ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் நுனியால் தரையைத் தொட்டுக்கொண்டு, பச்சை விளக்கு எப்போது எரியும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவர்கள் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வண்டியைக் கொஞ்சம் தாழ்த்த முடியுமா?" தாராளமாக முடியும். ஒரு 4 செ.மீ. தாழ்த்துவது பெரிய வேலை அல்ல. ஆனால் அந்த 4 செ.மீ. எங்கிருந்து எடுக்கப்படுகிறது? அது அங்கே இருந்தபோது என்ன வேலை செய்துகொண்டிருந்தது? இதைக் கேட்காமல் வண்டியைத் தாழ்த்துகிறவர், காலுக்குக் கிடைத்த பாதுகாப்பை வளைவிலும் பள்ளத்திலும் இழந்துவிடக்கூடும். விடை காண உங்கள் பள்ளி இயற்பியலே போதும். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். சென்னையை அடுத்த தொழிற்சாலையில் உருவாகி 2016-ல் வெளிவந்த 411 சி.சி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் என்ற வண்டியின் அளவுகள் இவை: இருக்கையின் உயரம் 800 மி.மீ.; வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 220 மி.மீ.; இரு சக்கரங்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,465 மி.மீ.; எடை ஏறக்குறைய 200 கி.கி. அதன் முன் சக்கரம் 200 மி.மீ. அளவும், பின் சக்கரம் 180 மி.மீ. அளவும் மேலும் கீழும் நகர முடியும். இந்த நகர்வைச் சக்கரத்தின் "ஓட்டம்" என்று அழைப்போம். இனி வரும் மற்ற அளவுகள், கணக்கு எளிதாக இருக்கும்படி நாமாக எடுத்துக்கொள்பவை.

கால் எட்டாவிட்டால் என்ன?

முதலில், தாழ்த்தச் சொல்பவரின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்த்துவிடுவோம். நேராக நிற்கும் வண்டியின் முழு எடையும் டயர்கள் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. காலுக்கு வேலையே இல்லை. வண்டி சாயும்போதுதான் ஈர்ப்பு மையம் டயர் கோட்டைவிட்டு விலகி, வண்டியைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் பிறக்கிறது. சாய்வு கூடக்கூட அதுவும் கூடும்.

ஒருவர் நேராக அமர்ந்தால் அவருடைய பாதம் தரையைத் தொட 7 செ.மீ. குறைகிறது என்று கொள்வோம். பாதம் டயர் கோட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஊன்றுகிறது. அப்படியானால் 40 செ.மீ. தொலைவில் 7 செ.மீ. இறங்கும் அளவுக்கு வண்டியைச் சாய்த்தால்தான் கால் எட்டும். வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால், அது பக்கவாட்டில் 50 × 7 ÷ 40, அதாவது 8.75 செ.மீ. விலகியிருக்கும். 200 கி.கி. எடை 8.75 செ.மீ. தொலைவில் தள்ளுகிறது, கால் 40 செ.மீ. தொலைவில் தாங்குகிறது. நெம்புகோல் விதிப்படி கால் தாங்க வேண்டியது 200 × 8.75 ÷ 40, அதாவது ஏறக்குறைய 44 கி.கி. அதுவும் கால் நுனியில்!

இப்போது வண்டியை 4 செ.மீ. தாழ்த்துங்கள். குறை 3 செ.மீ. ஆகிவிடும். அதே கணக்கைப் போட்டால் கால் தாங்க வேண்டிய சுமை 19 கி.கி. மட்டுமே. பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது! சாலையோரச் சரிவிலும் சரளைக் கல்லிலும் கனமான வண்டியை நிறுத்தித் தடுமாறியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆகவே தாழ்த்தச் சொல்லுவது வெறும் அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அதில் உண்மையான தேவை இருக்கிறது.

சுருள்வில் செய்யும் வேலை

இனி மறுபக்கம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரே ஒரு படியிலிருந்து தரையில் குதியுங்கள். கால் தரையில் பட்டதும் முழங்கால் தானாகவே மடங்கி, குதித்த வேகத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். அடுத்து, முழங்காலை முன்கூட்டியே முக்கால் பங்கு மடக்கிக்கொண்டு, அரைக்குந்தலாக இருந்தபடியே அதே படியிலிருந்து இறங்கிப் பாருங்கள். அடி முதுகுவரை எட்டும். இரண்டு முறையும் உயரம் ஒன்றுதான், கால்களும் அவைதாம். மடங்குவதற்கு மிச்சமிருந்த தூரம்தான் வேறு.

மோட்டார் சைக்கிளில் முழங்காலின் வேலையைச் செய்வது சுருள்வில். அதனோடு சேர்ந்த ஷாக் அப்சார்பரில் உள்ள எண்ணெய், வில் மீண்டும் மீண்டும் துள்ளாதபடி அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. வில்லின் அமுக்கம் அதன்மேல் செலுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹூக் விதி. இராபர்ட் ஹூக் இந்த விதியை 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராகத்தான் வெளியிட்டார். வேறொருவர் உரிமை கொண்டாடிவிடக் கூடாதல்லவா! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1678-ல், புதிரை அவரே அவிழ்த்தார்.

நம் வண்டிக்கு வருவோம். ஓட்டுபவர் ஏறி அமர்ந்தவுடன் பின்புறம் சற்று அமுங்கி நிற்கும். பின் சக்கரத்தின் ஓட்டம் 180 மி.மீ.; அதில் மூன்றில் ஒரு பங்கான 60 மி.மீ. இப்படி அமுங்கிவிட்டது என்று கொள்வோம். இதை "அமர்வு அமுக்கம்" என்போம். மேட்டில் ஏறி அடிபடும்போது அமுங்குவதற்கு இன்னும் 120 மி.மீ. மிச்சம் இருக்கிறது. அந்த 60 மி.மீ. அமுக்கமும் வீணானது அல்ல. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க அது உதவுகிறது.

மூன்றில் ஒரு பங்கு போனால்

வில்லின் வலிமை, சக்கரத்தின் இடத்தில் அளந்தால், ஒவ்வொரு மி.மீ. அமுக்கத்துக்கும் 15 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அமர்ந்த நிலையில் வண்டியின் எடையும் வில்லின் விசையும் சமமாக இருக்கின்றன. அங்கிருந்து அமுங்கத் தொடங்கினால் எதிர்க்கும் விசை சுழியில் தொடங்கி, 120 மி.மீ. முடிவில் 15 × 120, அதாவது 1,800 நியூட்டன் ஆகும். தூரத்தையும் விசையையும் வரைபடத்தாளில் குறித்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பே வில் வாங்கிக்கொள்ளக்கூடிய ஆற்றல். ½ × 0.12 மீட்டர் × 1,800 நியூட்டன் = 108 ஜூல்.

இப்போது வில்லின் இறுக்கத்தைத் தளர்த்தி, வண்டி இன்னும் 40 மி.மீ. தாழ்ந்து அமரும்படி செய்துவிட்டோம். மிச்சமிருக்கும் தூரம் 80 மி.மீ. அதன் முடிவில் விசை 1,200 நியூட்டன். முக்கோணத்தின் பரப்பு ½ × 0.08 × 1,200 = 48 ஜூல்.

எண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தூரத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குதான். ஆற்றலிலோ 108-க்குப் பதில் 48, அதாவது ஒன்பதில் நான்கு பங்கே மிஞ்சியது. பாதிக்கும் மேல் போய்விட்டது! காரணம், ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அமுக்கத்தின் கடைசி 40 மி.மீ.தான் மிக அதிக ஆற்றலை வாங்கும் பகுதி. நாம் வெட்டி எடுத்தது அந்தப் பகுதியைத்தான். முன்பு வில்லோடு முடிந்துபோன ஓர் அடி, இப்போது ஓட்டத்தின் எல்லையைத் தாண்டி ரப்பர் தடுப்பில் முட்டும். அதற்குமேல் சட்டத்தையும் ஓட்டுபவரின் முதுகெலும்பையும் தாக்கும்.

"வலிமையான வில்லைப் போட்டுவிட்டால் போகிறது" என்று நீங்கள் சொல்லலாம். நல்ல யோசனைதான். அதே 108 ஜூலை 80 மி.மீ.க்குள் அடக்க வேண்டுமானால் வில் ஒன்பதின் கீழ் நான்கு மடங்கு, அதாவது 2¼ மடங்கு வலிமையாக வேண்டும். வில்லின் மேலுள்ள நிறை 100 கி.கி. என்றால், பழைய வில்லில் வண்டி நொடிக்குச் சுமார் 2 முறை ஆடும். புதிய வில்லில் சுமார் 3 முறை ஆடும். மேலும் கீழுமான அதிர்வுகளில் நொடிக்கு 4 முதல் 8 வரை வருபவைதாம் மனித உடலை மிகவும் வருத்துகின்றன. அந்த எல்லையை நோக்கி நாம் ஓரடி எடுத்து வைத்துவிட்டோம். ஒரு மணி நேரப் பயணத்தில் இது தெரியாது. நாள் முழுதும் ஓட்டும்போது தெரியும். இந்த வண்டியோ நாள் முழுதும் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது.

தாழ்த்தும் வழிகள்

மெக்கானிக்குகள் பின்புறத்தைத் தாழ்த்தக் கையாளும் வழிகள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, நாம் மேலே கண்டதுபோல வில்லின் முன்னழுத்தத்தைத் தளர்த்துவது. இரண்டாவது, நீளம் குறைந்த ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ற வலிமையான வில்லையும் பொருத்துவது. மூன்றாவது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஆடுகரத்தையும் ஷாக் அப்சார்பரையும் இணைக்கும் சிறு தகடுகளுக்குப் பதிலாக, வேறு நீளமுள்ள தகடுகளை மாட்டுவது. ஹிமாலயனைப் போல நடுவில் ஒரே ஒரு ஷாக் அப்சார்பரும் நெம்பு இணைப்பும் உள்ள வண்டிகளில்தான் இது முடியும். முன்புறத்தைத் தாழ்த்த, ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கவ்விகளைத் தளர்த்தி, குழாய்களைச் சற்று மேலே தள்ளி மீண்டும் இறுக்குவார்கள்.

தகடு மாற்றும் முறை பலருக்கும் பிடித்தது. சக்கரத்தின் ஓட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறதே, எதையும் இழக்கவில்லையே என்று தோன்றும். அப்படித்தானா? மீண்டும் அளவுகளைப் பாருங்கள். அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 220 மி.மீ. இரு சக்கரங்களும் 180 மி.மீ. அமுங்கினால் மிஞ்சுவது 40 மி.மீ. நாம் 40 மி.மீ. தாழ்த்திவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை! இந்தியாவில் சாலைக் குழுமம் வகுத்த அளவுப்படி வேகத்தடையின் உயரமே 10 செ.மீ. வில்கள் நன்றாக அமுங்கும் நேரத்தில் ஒரு கல் குறுக்கிட்டால் எஞ்சினின் அடித்தகடு அதில் மோதும். மேலும், சக்கரம் முன்னைவிட 40 மி.மீ. மேலே வருவதால் டயர் மட்கார்டை உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வண்டியை வடிவமைத்தவர் 220 என்ற எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? சக்கரம் எவ்வளவு ஓட வேண்டும் என்று தீர்மானித்தவுடனே, வண்டியின் வயிறு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. வயிற்றுக்கு மேல் எஞ்சின், எஞ்சினுக்கு மேல் இருக்கை. இருக்கையின் உயரம் இப்படித்தான் பிறக்கிறது.

வளைவில் நடப்பது

வளைவில் திரும்பும்போது மோட்டார் சைக்கிள் உட்புறமாகச் சாய்ந்தாக வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் முடிவு செய்கின்றன. வேகத்தின் வர்க்கத்தை, ஆரம் × புவியீர்ப்பு முடுக்கம் என்ற பெருக்கற்பலனால் வகுத்தால் கிடைப்பது சாய்கோணத்தின் டேன்ஜென்ட். இந்தச் சாய்வுக்கு ஓர் எல்லை உண்டு. கால் வைக்கும் கட்டையின் நுனி தரையைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் சாய முடியாது.

கால் கட்டையின் நுனி நடுக்கோட்டிலிருந்து 35 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 28 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். எல்லைக் கோணத்தின் டேன்ஜென்ட் 28 ÷ 35, அதாவது 0.8. வண்டியை 4 செ.மீ. தாழ்த்தினால் அது 24 ÷ 35, அதாவது 0.69 ஆகும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் முன்பு மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் உரசிய கட்டை இப்போது 51 கி.மீ. வேகத்திலேயே உரசும்.

நான்கு கி.மீ.தானே என்று விட்டுவிடாதீர்கள். வளைவில் வண்டியின் எடையோடு மையவிலக்கு விளைவும் சேர்ந்து வில்லை அழுத்துகிறது. சாய்கோணத்தின் டேன்ஜென்ட் 3/4 ஆகும்போது வில்லின் மேலுள்ள சுமை 5/4 மடங்கு ஆகும். பக்கங்கள் 3, 4, 5 உள்ள செங்கோண முக்கோணத்தை வரைந்து பார்த்தால் இது புரியும். பின் சக்கரத்தின் மேல் 1,000 நியூட்டன் இருந்த இடத்தில் 1,250 நியூட்டன். கூடுதலான 250 நியூட்டன் நம் வில்லை இன்னும் 17 மி.மீ. அளவுக்கு அமுக்கும். அதாவது, இடம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் வண்டி தானாகவே மேலும் தாழ்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை போன்ற இடத்தில், வளைவுக்குள் ஒரு பள்ளமும் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டையோ ஸ்டாண்டோ தரையில் ஊன்றினால் அது டயரைச் சாலையிலிருந்து தூக்கிவிடும்.

பின்புறம் மட்டும் தாழ்ந்தால்

சிலர் செலவுக்கு அஞ்சிப் பின்புறத்தை மட்டும் தாழ்த்துவதுண்டு. 1,465 மி.மீ. நீளத்தில் ஒரு முனை 40 மி.மீ. இறங்கினால் வண்டி முழுவதும் ஏறக்குறைய 1.6 டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது. அற்பமான கோணம் என்று தோன்றும். அதன் விளைவுகளைப் பாருங்கள்.

முன் சக்கரம் திரும்பும் அச்சு நேர்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தரையைச் சந்திக்கும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை "டிரெயில்" என்பார்கள். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரம் தள்ளும் திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்வது இதனால்தான். டிரெயில் கூடினால் வண்டி நேராக ஓடவே விரும்பும்; திருப்புவது கடினமாகும். பெரிய முன் சக்கரமுள்ள வண்டியில் 1.6 டிகிரி மாற்றத்துக்கு டிரெயில் சுமார் 10 மி.மீ. கூடிவிடும். ஓட்டிப் பழகிய கைக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும்.

முன் விளக்கும் அதே 1.6 டிகிரி அண்ணாந்து பார்க்கும். 50 மீட்டர் தொலைவில் அதன் ஒளி ஏறக்குறைய 1.4 மீட்டர் உயர்ந்துவிடும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழும். தாழ்த்திய கையோடு விளக்கையும் சரிசெய்யாதவர் மற்றவருக்கும் ஆபத்தைத் தேடித் தருகிறார்.

ஸ்டாண்டையும் மறக்கக் கூடாது. பக்க ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்புறம் சாய்ந்திருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் டயர் கோட்டுக்கும் ஸ்டாண்டின் பாதத்துக்கும் நடுவே இருக்கிறது. டயர் கோட்டிலிருந்து அது 10 செ.மீ. இடப்புறம் இருக்கட்டும். வண்டியைத் தாழ்த்திவிட்டு ஸ்டாண்டை அப்படியே விட்டால், அதன் நீளம் கூடியதுபோல் ஆகி, வண்டி நிமிர்ந்துவிடும். ஸ்டாண்டின் பாதம் 30 செ.மீ. தள்ளி இருந்தால், 4 செ.மீ. தாழ்வுக்கு ஈர்ப்பு மையம் 50 × 4 ÷ 30, அதாவது 6.7 செ.மீ. நகர்கிறது. மிஞ்சுவது சுமார் 3 செ.மீ. வலப்புறம் ஒரு சிறிய சரிவு இருந்தாலும், ஒரு பெட்டியில் கனமான சாமான் வைத்தாலும் வண்டி மறுபக்கம் கவிழ்ந்துவிடும். ஆகவே வண்டியைத் தாழ்த்தினால் ஸ்டாண்டையும் அளந்து குட்டையாக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

குட்டையானவர்கள் பெரிய வண்டியை ஓட்டவே கூடாது என்பதா? இல்லவே இல்லை. எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து செய்யவேண்டும், அவ்வளவுதான். சக்கரத்தின் ஓட்டத்தைத் தொடாத வழிகளை முதலில் பார்க்க வேண்டும்.

கனத்த அடியுள்ள காலணி ஒன்றிரண்டு செ.மீ. தரும். இருக்கையின் மெத்தையைக் குறைத்து, முன்பகுதியின் அகலத்தையும் செதுக்கினால் தொடைகள் நேராக இறங்கிக் கால் இன்னும் எட்டும். இதில் இழப்பது சிறிது சொகுசு மட்டுமே. 2023-ல் வெளிவந்த 450 சி.சி. ஹிமாலயனில் இருக்கையை 825 மி.மீ., 845 மி.மீ. என்று இரண்டு உயரங்களில் மாட்டிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார்கள். இருக்கையின் ஒரு புறமாக நகர்ந்து அமர்ந்து, ஒரே காலை முழுவதுமாக ஊன்றும் பழக்கமும் பெரிதும் உதவும்.

அடுத்து, அமர்வு அமுக்கத்தை அளந்து பார்க்க வேண்டும். கனமானவருக்கு ஏற்றபடி இறுக்கப்பட்ட வில்லின் மேல் 50 கி.கி. எடையுள்ளவர் அமர்ந்தால் அது மூன்றில் ஒரு பங்குகூட அமுங்காமல் விறைத்து நிற்கலாம். அந்த இறுக்கத்தை அவருடைய எடைக்கேற்பத் தளர்த்தினால் சிறிது உயரம் குறையும். வண்டியும் நன்றாக ஓடும். இந்த அளவுவரை தளர்த்துவதில் தவறில்லை. அதற்கும் மேலே போனால்தான் நாம் கண்ட இழப்பு தொடங்குகிறது.

இவை போதாதென்றால் தாழ்த்தலாம். ஆனால் கொஞ்சமாக, முன்னும் பின்னும் ஒரே அளவாக, வில்லையும் ஸ்டாண்டையும் விளக்கையும் சங்கிலியின் தொய்வையும் சேர்த்துச் சரிபார்த்துச் செய்ய வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எனவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தச் சிக்கலைப் பொறியாளர்கள் வேறொரு விதமாகவும் தீர்த்திருக்கிறார்கள். உயரம் தேவைப்படுவது வண்டி ஓடும்போது. தாழ்வு தேவைப்படுவது வண்டி நிற்கும்போது. இரண்டும் ஒரே நேரத்தில் தேவையில்லையே! ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட பான் அமெரிக்கா வண்டியின் ஒரு வகையிலும், பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆர் 1300 ஜி.எஸ். வண்டிக்கென்று தந்த ஓர் ஏற்பாட்டிலும், வேகம் குறைந்து நிற்கப்போகும்போது வண்டி தானாகவே தாழ்கிறது. கிளம்பியதும் மீண்டும் உயர்கிறது. பி.எம்.டபிள்யூ. வண்டியில் இந்த வேறுபாடு 3 செ.மீ. விலை உயர்ந்த ஏற்பாடுதான். ஆனாலும் நம் கணக்கு சொல்லும் உண்மையை ஒட்டியே அது அமைந்திருக்கிறது.

நீங்களும் அளந்து பாருங்கள்

வீட்டில் உள்ள மோட்டார் சைக்கிளிலேயே அமர்வு அமுக்கத்தை அளக்கலாம். பெரியவர்கள் உடனிருக்க, எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். முதலில் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது சக்கரத்தின் அச்சிலிருந்து நேர்மேலே ஏதாவது ஒரு திருகாணி வரை உள்ள தூரத்தை டேப்பால் அளந்து குறியுங்கள். பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் அமர்ந்ததும் அதே தூரத்தை மீண்டும் அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அமர்வு அமுக்கம். பின்னால் ஒருவர் ஏறியதும் அது எவ்வளவு கூடுகிறது என்றும் பாருங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன வண்டியை 4 செ.மீ.க்குப் பதிலாக 2 செ.மீ. மட்டும் தாழ்த்தினால், கால் தாங்க வேண்டிய சுமை எவ்வளவு? வில் வாங்கக்கூடிய ஆற்றல் எவ்வளவு? முதலாவதற்கு ஏறக்குறைய 31 கி.கி. என்றும், இரண்டாவதற்கு 75 ஜூல் என்றும் விடை வந்தால் நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டீர்கள் என்று பொருள். அந்த இரண்டு எண்களையும் 4 செ.மீ.க்கான எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் அக்காவோ அண்ணனோ வண்டியைத் தாழ்த்தப் போகிறேன் என்று சொன்னால், மெக்கானிக்கிடம் போகுமுன் அந்தத் தாளை அவர்களிடம் காட்டுங்கள்.